கங்காணி: காணுதலிலிருந்து பிறந்த பதவி

'காண்' என்னும் வினை கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஆராய்ந்து அறிவதும், கணக்கில் விடையை எட்டுவதும், கோயிலில் வழிபடுவதும், பலனை நுகர்வதும் அதன் பொருள்களே. அவ்வினை 'கண்' என்னும் பெயரோடு சேர்ந்து உருவான 'கண்காணி' என்ற சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பணிகளையும் வரவு செலவையும் மேற்பார்த்தவரைக் குறித்தது. திருமூலர் அதனை எங்கும் நிறைந்து நோக்கும் இறைவனுக்கு ஆண்டார். இன்றைய தமிழகத்தில் அது காவல் கண்காணிப்பாளரின் பதவிப் பெயரில் வாழ்கிறது.

இச்சொல் பேச்சில் 'கங்காணி' எனத் திரிந்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் அடுத்து மலாயாவிலும் ஒரு தொழிலின் பெயரானது. மலாயாவின் சிலாங்கூரிலுள்ள காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் வணிகத்துக்காக இரப்பர் நட்ட பின்னர், சிலாங்கூர் முழுவதும் தோட்டங்கள் பெருகி ஆட்களின் தேவையும் பெருகியபோது, தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவரே உரிமம் பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பி, உறவினரையும் அண்டை அயலாரையும் நாகப்பட்டினம் அல்லது சென்னை வழியாகக் கப்பலேற்றி அழைத்து வந்தார். கங்காணிமுறை என்பது இதுவே. பல ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் கட்டுண்டிருக்கச் செய்த ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்ததும், இதன் செல்வாக்கு மேலும் ஓங்கியது.

கங்காணியின் வலிமை அவருடைய பார்வையில் மட்டும் இருந்ததாகக் கருதுவது பிழை. ஆளின் ஊர், சாதி, உறவு, வீட்டுக் கடன் ஆகியவை துரைக்குத் தெரியா, கங்காணிக்குத் தெரியும். ஆகவே 'காண்' என்பதன் 'அறிதல்' என்ற பொருளே ஊரில் ஆள் சேர்க்கும் கருவியாகவும், தோட்டத்தில் அவரை அடக்கும் கருவியாகவும் பயன்பட்டது. விடியலுக்கு முன் 'பெரட்டு' எனப்பட்ட ஆளெடுப்பில் வந்து நின்றவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், நோயுற்றவரையும் வேலைக்கு இழுக்கும் தூண்டுதல் அம்முறைக்குள்ளேயே அமைந்திருந்தது. உறவினன் என்ற நம்பிக்கையை விலையாக்கிய இந்த ஏற்பாடு, சாட்டையைவிட ஆழமாகப் புண்படுத்தியது.

1907இல் முதலாளிகளின் கட்டணத்தால் அமைந்த தமிழர் குடிநுழைவு நிதி பயணச் செலவை ஏற்றது; இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்பைக் கட்டுப்படுத்தியது; 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற கூலிப் பயணத்தைத் தடை செய்ததும், ஆள் சேர்ப்பவராகக் கங்காணி மறைந்தார்; மேற்பார்ப்பவராக மட்டும் எஞ்சினார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலியோடும், கொடுமை செய்த மேற்பார்வைப் பணியாளரை நீக்க வேண்டும் என்பதோடும், துரையையோ தோட்ட அலுவலரையோ கண்டவுடன் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. அரசு படையை அனுப்பியது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.