எழும்பாத பழைய கணினி: இரும்புக்குக் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

அச்சுவேலியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சாமி அறைக்குப் பக்கத்தில் பழைய சீலையால் மூடிய கணினி ஒன்று பல வருடங்களாக இருந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்த பின் வெளிநாட்டுக் காசில் எத்தனையோ வீடுகளுக்குக் கணினி வந்தது. இதுவும் அப்படி வந்ததுதான். அதில் வேலை பழகிய மகன் 2007 இல் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. தாயாரிடம் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம் மட்டும். மற்றவை எல்லாம் கணினிக்குள். அண்மையில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இப்படியான பெட்டிகள் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் இன்னும் பல வீடுகளில் இருக்கும். நான் திருத்துநர் அல்ல. திருத்துபவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் கேட்டுச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது கணினியா, அதற்குள் இருப்பதா? இரண்டுக்கும் வழி வேறு. படங்களும் ஆவணங்களும் இருப்பது வன்தட்டில். மதர்போர்ட் எரிந்தாலும், பவர் சப்ளை செத்தாலும் வன்தட்டு நன்றாக இருக்கலாம். உள்ளே இருப்பதுதான் வேண்டுமென்றால், கணினியை எழுப்பப் பாடுபடாமல் வன்தட்டைக் கழற்றுவதே புத்தி. சந்தேகமான பவர் சப்ளையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், கடைசியில் வன்தட்டும் போய்விடும்.

கணினியையே எழுப்புவதென்றால், பல வருடம் கிடந்த பெட்டியை உடனே மின்சாரத்தில் கொளுவ வேண்டாம். பக்கத் தகட்டைத் திறந்து பாருங்கள். எங்கள் செம்மண் புழுதி உள்ளே கம்பளம்போல் படிந்திருக்கும். தொண்டைமானாறுப் பக்கத்து உப்புக் காற்று பட்ட வீடுகளில் ஆணிகளும் இணைப்புகளும் துருவேறியிருக்கும். எறும்புக்கூடும் பல்லி முட்டையும் புதினமல்ல. உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியையும் பழைய குழாய்த் திரையையும் மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளைக்குள் 300 வோல்ற் வரை தங்கியிருக்கலாம். குழாய்த் திரைக்குள் அது ஆயிரக்கணக்கில்.

துடைத்தபின் மதர்போர்ட்டில் நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். அவை மின்தேக்கிகள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. வீங்கியிருந்தாலோ, மண்ணிறமாக ஏதாவது கசிந்திருந்தாலோ, பழுது பெரும்பாலும் அங்கேதான். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை வெளிவந்த பல மதர்போர்ட்டுகளில் தரமற்ற மின்தேக்கிகள் போயின. உலகம் முழுக்க பென்ரியம் 3, பென்ரியம் 4 காலத்துக் கணினிகள் இதனால் செத்தன. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவையும் அதே காலத்தவைதான். ஈயம் ஒட்டத் தெரிந்த வானொலித் திருத்துநர்கூட மாற்றித் தருவார். மைக்ரோபரட் அளவு அதேயாகவும், வோல்ற் அளவு அதே அல்லது கூடியதாகவும் இருக்க வேண்டும். நேர், மறைப் பக்கம் மாறினால் வெடிக்கும்.

ஆளியை அழுத்தியும் எந்த அசைவும் இல்லையென்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். அதன் பின்புறத்தில் 115, 230 என்று சிவப்பு ஆளி இருந்தால், அது 230 இல் நிற்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மாறியிருந்தால் எங்கள் மின்சாரத்தில் பட்டென்று போய்விடும். ஜெனரேற்றரில் ஓடிய வீடுகளில் ஏறி இறங்கிய வோல்ற்றால் பவர் சப்ளை முன்னமே நொந்திருக்கும். மல்ரிமீற்றர் உள்ளவர் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் வருகிறதா என்று அளக்கலாம். வெளியே நின்றால் பவர் சப்ளையை மாற்றுங்கள், அதைத் திருத்த மினைக்கெடுவது வீண்.

காற்றாடி சுற்றியும் திரை கறுப்பென்றால் காதைக் கொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கி ஒரு தடவை குறுக்காக ஒலித்தால், தொடக்கச் சோதனையைக் கணினி கடந்துவிட்டது. பிழை பெரும்பாலும் திரையிலோ அதன் வயரிலோதான். பல தடவை ஒலித்தால் அது ஒரு குறியீடு. பயோஸ் செய்த நிறுவனத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். அவார்ட் பயோஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் திரை அட்டைக் கோளாறு. நீள ஒலி விடாமல் வந்தால் பொதுவாக ரேம். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பக் கொளுவுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் கிடப்பில் கிடந்த கணினிகளில் இது பல தடவை வேலை செய்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சீடி, பிளொப்பி, மொடெம் அட்டை எல்லாவற்றையும் கழற்றி, தேவையானதை மட்டும் விடுங்கள். சத்தமே வராவிட்டால் மதர்போர்ட் அல்லது புரொசெசர். அந்த இடத்தில் நான் கைவிடச் சொல்வேன்.

திரையில் எழுத்து வந்து நின்றுவிடுகிறதா? மதர்போர்ட்டில் காசு போன்ற வட்ட பற்றரி ஒன்று இருக்கும், பெயர் சி.ஆர். 2032, 3 வோல்ற். இது செத்தால் திகதியும் வன்தட்டு அமைப்புகளும் கணினிக்கு மறந்துபோகும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. இப்போது மணிக்கூட்டுக் கடையில் வாங்கலாம். மாற்றியதும் வேறு எதையும் திறக்குமுன் திகதியைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சேமிப்பது பிழையான திகதியோடு பதியும். காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டுக்கோ வழக்குக்கோ ஒரு படத்தைக் கொடுக்க நேர்ந்தால், அந்தத் திகதிதான் முதலில் கேள்விக்குள்ளாகும்.

இயங்குதளம் இல்லை என்று வந்தால், பிளொப்பி ஒன்று உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு வன்தட்டின் அகல நாடா வயரைக் கழற்றிக் கொளுவுங்கள். வன்தட்டைக் கையால் தொட்டால் சுழலும் அதிர்வு தெரிய வேண்டும். டிக், டிக் என்று ஒரே சீராக அடித்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரிவரும் என்பவர்களை நம்ப வேண்டாம், ஈரம் பிடித்து இருப்பதும் போகும்.

கழற்றிய வன்தட்டை ஐ.டி.ஈ-யிலிருந்து யு.எஸ்.பி-க்கு மாற்றும் இணைப்பியால் புதிய கணினியில் கொளுவலாம். தனி மின்வயரோடு வரும் இணைப்பியாகப் பார்த்து வாங்குங்கள், மேசைக் கணினி வன்தட்டுக்கு 12 வோல்ற் வேண்டும். கொளுவியதும் இதை ‘போமட்’ செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். ஒருபோதும் ஓம் சொல்லாதீர்கள். பிழைதிருத்தவா என்று கேட்டாலும் வேண்டாம். முதலில் பிரதி, மற்றதெல்லாம் பிறகு. நொந்த வன்தட்டென்றால் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் முழுவதையும் அப்படியே பிரதியெடுக்கும். வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். கடையில் கொடுத்துச் செய்விப்பதானால் பக்கத்தில் இருந்து செய்வியுங்கள். குடும்பப் படமும் சாட்சியக் கடிதமும் உள்ள தட்டை விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். பழுதாகிவிட்டது என்று அழிக்க வேண்டாம், அது பாமினி எழுத்துரு. யூனிகோட்டுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. பாடசாலை மலர், நினைவு மலர் போன்றவை கிடைத்தால் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். குடும்பத்துக்கு உரியதை இரண்டு பிரதியாக்கி, ஒன்றை வெளியூரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். 1981 இல் யாழ் நூலகத்தில் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன.

அச்சுவேலி வீட்டுக் கணினியில் ஐந்து மின்தேக்கிகள் வீங்கியிருந்தன. திருத்தவில்லை. வன்தட்டு சுழன்றது. ஒரு பின்னேரம் முழுக்கப் பிரதி ஓடியது. படங்களில் அரைவாசி கோயில் திருவிழாவும் கூட்டாளிகளும். தாயார் ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னார். மகன் இதே கணினிக்கு முன்னால் இருந்து திரும்பிப் பார்க்கிறார், பின்னால் அதே சீலை கொடியில் காய்கிறது. பெட்டியை இரும்புக்குக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டார். சீலையைத் திரும்ப அதன் மேல் போட்டோம்.