3060-ஆ, 4060-ஆ? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படிங்க!

மாசக்கணக்கில் சேர்த்துவைத்த காசு கையில் இருக்கு. பி.சி-க்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். தேடிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்: என்விடியா ஆர்.டி.எக்ஸ் 3060, ஆர்.டி.எக்ஸ் 4060. 'நம்பர் பெருசா இருக்கிறதை வாங்கு'ன்னு ஒரு நண்பர் சொல்வார். '12 ஜி.பி-யை விட்டுட்டு யாராவது 8 ஜி.பி வாங்குவாங்களா?'ன்னு இன்னொருத்தர் கேட்பார். இரண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியில்தான் உங்க காசு மாட்டிக்கும்.

ஜாதகம் என்ன சொல்லுது?

ஆர்.டி.எக்ஸ் 3060
* வெளியானது: 2021 பிப்ரவரி, 329 டாலர்
* கட்டமைப்பு: ஆம்பியர்
* கூடா கோர்கள்: 3,584
* பூஸ்ட் வேகம்: 1.78 கிகாஹெர்ட்ஸ்
* மெமரி: 12 ஜி.பி, 192 பிட்
* மெமரி வேகம்: நொடிக்கு 360 ஜி.பி
* எல்2 கேஷ்: 3 எம்.பி
* மின்சாரம்: 170 வாட்

ஆர்.டி.எக்ஸ் 4060
* வெளியானது: 2023 ஜூன், 299 டாலர்
* கட்டமைப்பு: ஏடா லவ்லேஸ்
* கூடா கோர்கள்: 3,072
* பூஸ்ட் வேகம்: 2.46 கிகாஹெர்ட்ஸ்
* மெமரி: 8 ஜி.பி, 128 பிட்
* மெமரி வேகம்: நொடிக்கு 272 ஜி.பி
* எல்2 கேஷ்: 24 எம்.பி
* மின்சாரம்: 115 வாட்

கோர், மெமரி, மெமரி வேகம் என்று மூன்றிலும் பழைய கார்டுதான் முன்னால் நிற்குது. ஆனால், 1080பி-யில் கேம் ஓட்டிப் பார்த்தால் 4060 சுமார் 20 சதவிகிதம் வேகமாக ஓடும். எப்படி?

அஞ்சறைப்பெட்டி கணக்கு!

சமையல்கட்டை நினைச்சுக்கோங்க. கை எட்டுற தூரத்தில் இருக்கிற அஞ்சறைப்பெட்டிதான் கேஷ். சுவரோரம் இருக்கிற அலமாரிதான் கார்டின் மெமரி. 3060-ல் அலமாரி பெருசு, அஞ்சறைப்பெட்டி ரொம்பச் சின்னது. அதனால் அடிக்கடி அலமாரிக்கு நடக்கணும். 4060-ல் அஞ்சறைப்பெட்டி எட்டு மடங்கு பெருசு. கடுகு, சீரகத்துக்கெல்லாம் எழுந்து போக வேண்டாம். கூடவே, சமைக்கிறவரின் கை வேகமும் அதிகம். கோர்கள் குறைவாக இருந்தாலும், ஒவ்வொன்றும் ஓடும் வேகம் கிட்டத்தட்ட 38 சதவிகிதம் கூடுதல்.

சிக்கல் வருவது அலமாரி நிறைஞ்சு வழியும்போது. அப்போ தெருமுனைக் கடைக்கு ஓடணும். அதாவது, கம்ப்யூட்டரின் சாதாரண ரேமிலிருந்து டேட்டாவை எடுத்து வரணும். அந்த நேரத்தில்தான் கேம் திக்கித் திணறும், டெக்ஸ்ச்சர்கள் மங்கும். 2023-ல் பி.சி-க்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' போன்ற கேம்களில் டெக்ஸ்ச்சர் செட்டிங்கை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி போதாமல் போகும். ஹை அல்லது மீடியத்துக்கு இறக்கினால் பிரச்னை அடங்கும்.

இன்னொரு விஷயம். 3060-க்கு மதர்போர்டுடன் பேச 16 பாதைகள். 4060-க்கு 8 மட்டுமே. உங்க மதர்போர்டு பி.சி.ஐ.இ 4.0 என்றால் கவலை இல்லை. பழைய 3.0 போர்டு என்றால், கடைக்குப் போற அந்தச் சாலையின் வேகம் பாதியாகிடும். மெமரி நிறையும்போது அடி கொஞ்சம் பலமாகவே விழும்.

கூடுதல் ஃப்ரேம்... நிஜமா, மாயமா?

படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் உருவாக்கி, பெரிதாக்கித் தரும் டி.எல்.எஸ்.எஸ் அப்ஸ்கேலிங் இரண்டு கார்டிலும் உண்டு. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே தானாகவே ஒரு ஃப்ரேமை உருவாக்கிச் செருகும் 'ஃப்ரேம் ஜெனரேஷன்' இந்த இரண்டில் 4060-ல் மட்டும்தான். விளம்பரங்களில் வரும் பிரமாண்ட ஃப்ரேம் எண்ணிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

பார்க்க வழுவழுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால், மௌஸை அசைத்ததும் கேம் பதில் சொல்லும் வேகம் இதனால் கூடாது. ஏற்கெனவே 25 ஃப்ரேமில் தவிக்கும் கேமை இது காப்பாற்றாது. 60 ஃப்ரேம் வரும் கேமை இன்னும் அழகாக்கும். அதற்கும் கொஞ்சம் மெமரி செலவாகும் என்பதையும் மறக்காதீங்க.

கரன்ட் பில்லுக்கு எது நல்லது?

முழு லோடில் இரண்டுக்கும் வித்தியாசம் 55 வாட். தினமும் 4 மணி நேரம் விளையாடினால் மாசம் 6.6 யூனிட், இரண்டு மாச பில்லில் சுமார் 13 யூனிட். சொத்தை எழுதி வைக்கிற அளவுக்கு இல்லை. ஆனால், நம்ம ஊர் மே மாசத்தில் ஏசி இல்லாத அறைக்குள் 55 வாட் வெப்பம் குறைவது உடம்புக்கே தெரியும்.

எடிட்டிங், ஏ.ஐ பண்றவங்களுக்கு...

பிளெண்டரில் கனமான 3டி காட்சிகள், சொந்த பி.சி-யிலேயே ஸ்டேபிள் டிஃப்யூஷன், சின்ன மொழி மாடல்கள்... இதெல்லாம் உங்க வேலை என்றால் 12 ஜி.பி பெரிய பலம். மெமரியில் அடங்காத மாடல் ஒன்று ரொம்ப மெதுவாக ஓடும், இல்லைன்னா ஓடவே ஓடாது. கேமில் செட்டிங்கைக் குறைப்பதுபோல இங்கே எளிதில் குறைக்க முடியாது. அதே நேரம், லைவ் ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு 4060-ல் ஏ.வி1 என்கோடர் இருக்கு. குறைந்த இன்டர்நெட் வேகத்திலும் தெளிவான படம் அனுப்ப அது உதவும். 3060-ஆல் ஏ.வி1 வீடியோவைப் பார்க்க முடியும், உருவாக்க முடியாது.

செகண்ட் ஹேண்டா? உஷார்!

என் நண்பனின் தம்பி, பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் பழைய 3060 ஒன்றை வாங்கினான். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் 8 ஜி.பி. விற்றவர் பொய் சொல்லலை. இவன் கேட்கலை, அவ்வளவுதான். 2022 இறுதியில் அதே 3060 பெயரிலேயே 8 ஜி.பி, 128 பிட் மாடல் ஒன்றும் வந்தது. 12 ஜி.பி-யை விட அது தெளிவாகவே வேகம் குறைவு. பழைய கார்டு, குறைந்த மெமரி என்று இரண்டு பக்கமும் நஷ்டம்.

அதனால், ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்க:

* 'ஜி.பி.யூ-இசட்' என்ற இலவச சாஃப்ட்வேரில் மெமரி 12,288 எம்.பி, பஸ் 192 பிட் என்று காட்டுதா பாருங்க.
* 15 நிமிஷம் ஒரு கனமான கேமை ஓட்டச் சொல்லுங்க. திரையில் புள்ளி, கோடு வந்தாலோ, ஃபேன் கரகரத்தாலோ வேண்டாம்.
* பில், வாரன்ட்டி கேளுங்க. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன.

சரி, எதை வாங்கலாம்?

1080பி மானிட்டர், கேமிங்தான் முக்கியம், புது கார்டு வாரன்ட்டியோடு வேணும் என்றால் 4060. ஏ.ஐ, 3டி வேலை கத்துக்கறீங்க, பட்ஜெட் இறுக்கம், நல்ல நிலையில் 12 ஜி.பி கார்டு கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்குது என்றால் 3060. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான், கேம் மட்டும்தான் ஆடுவேன் என்றால் யோசிக்காமல் 4060-க்குப் போகலாம்.

ஏற்கெனவே 3060 12 ஜி.பி வைத்திருக்கீங்களா? 20 சதவிகிதத்துக்காக மாற்ற வேண்டாம். 2025-ல் வந்த 5060-லும் மெமரி அதே 8 ஜி.பிதான். அந்தக் காசில் நல்ல மானிட்டரைப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 120 ஃப்ரேமுக்குச் செலவு பண்றது, பாதி சாப்பாட்டை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துபோற மாதிரி!