மலைத்தோட்டமும் மருந்தும்

ஊவா மாகாணத்திலே, பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்த என்னும் தோட்டம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து, அங்கிருந்த லயங்களை மூடிற்று. அன்றுதான் அப்பெயரை நாடு முழுவதும் அறிந்தது. ஆயினும், தோட்டத்து மக்களின் நலத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா, அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டதாகும்.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனை விரித்தன. லயங்களைத் துப்புரவாக வைத்தலும், நோயாளரைக் கவனித்தலும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தலும் தோட்டத் துரையின் கடமைகளாயின. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையை மாத்தளைத் தோட்டங்களிலே தொடங்கினர்.

இவை நன்மையே. எனினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தொழிலாளியின் உடல்நலம் தோட்டத்தின் பொறுப்பாயிற்றேயன்றி, அரசின் முழுப்பொறுப்பாகவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. அம்முறை பரவியபோது, அரசாங்க மருத்துவிச்சி கிராமத்து வீடுதோறும் சென்றாள். தோட்டத்து எல்லையிலோ பெரும்பாலும் திரும்பினாள். உள்ளே, தோட்டத்து மருந்துச்சாலையும் தோட்டத்து மருத்துவிச்சியுமே கதி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இப்பிரிவினையை மேலும் வலுப்படுத்திற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் மரணம் மிகுந்தது.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர்த் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது, எல்லாவற்றையும் ஏற்கவில்லை.

மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அண்மையில் கிடைப்பதே வைத்தியத்தின் முதற்படி என்பதை, 1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு வற்புறுத்திற்று. கொழுந்து பறிக்கும் தாய், ஒரு நாட் கூலியை இழந்தே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே தன் நோயைச் சொல்ல மொழி தடையாயின், அடுத்த முறை அவள் போகத் தயங்குவாள். லயத்து வாசலுக்கே வரும் தமிழறிந்த ஊழியரால் இவ்விரு தடைகளும் நீங்கும்.

மீரியபெத்தவுக்கும் இது பொருந்தும். அங்கே மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அதே லயங்களில் இருந்தனர். போக வேறு வீடு வேண்டுமன்றோ! உயிர்தப்பியோர் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கினர். 2016இலேயே புதுவீடுகள் கிடைத்தன.

மருந்தாயினும் எச்சரிக்கையாயினும், அதனை வாசல்வரை கொண்டுசெல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னதன்மேல் செயற்படக் கடமைப்பட்ட ஒருவரும் வேண்டும். தோட்டமா அரசா என்று பொறுப்பு இருவருக்கிடையே தங்கிய காலமெல்லாம், அதன் விலையைக் கொடுத்தவர் லயத்து மக்களே.