பழைய கணினியின் பின்பக்கத்திலுள்ள 25 துளைகள்



பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் அன்பளிப்பாக வந்த பழைய கணினிகள் மூலையில் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போட முன்னர் பின்பக்கத்தை ஒருதரம் பாருங்கள். 25 துளைகளோடு அகலமான ஓர் இடம் இருக்கும். பெரலல் போர்ட் என்பது அதுதான்.

சென்ட்ரோனிக்ஸ் என்ற பிரின்டர் கம்பனி 1970இல் கொண்டுவந்த முறை அது. 1981இல் ஐபிஎம் தனது பர்சனல் கம்பியூட்டருக்கும் அதையே எடுத்துக்கொண்டது. 2 முதல் 9 வரையான எட்டுத் துளைகளும் தரவுக்குரியவை. கணினிக்குள் அவற்றுக்கு ஒரு விலாசம் உண்டு, பெரும்பாலும் 888. பேசிக் மொழியில் 'அவுட் 888, 1' என்று ஒரே வரி எழுதினால் இரண்டாம் துளையில் ஏறத்தாழ 5 வோல்ட் வரும். 3 என்றால் இரண்டு துளைகளில், 255 என்றால் எட்டிலும் வரும். 0 என்றால் எல்லாம் அணைந்துவிடும். நாங்கள் கரும்பலகையில் போட்டுக் களைக்கும் துவித எண்கள் இங்கே பல்ப்பாக எரியும்!

டொஸ், விண்டோஸ் 98 காலத்தில் இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து கதவைச் சாத்தியது. சாதாரண புரோகிராம் ஒன்று அந்த விலாசத்தை நேரே தொட்டால் விண்டோஸ் அதை நிறுத்திவிடும். டிரைவர் வழியாக மட்டுமே போகலாம். பல வேலைகள் ஒன்றாக ஓடும் கணினியில் ஆளாளுக்கு வன்பொருளைத் தொட்டால் முழுக் கணினியும் படுத்துவிடும் என்பதால், அது நியாயம்தான்.

ஆனால் கதவு சாத்தப்பட்ட பிறகும் அதே போர்ட்டை நம்பி ஒரு காரியம் நடந்தது. புதுடில்லியில் துகள்முடுக்கி ஆய்வு நிலையமொன்றில் வேலைசெய்த அஜித் குமார் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும், 2004 அளவில் 'பீனிக்ஸ்' என்ற சிறு கருவியைச் செய்தார்கள். ஆய்வுகூட வசதி குறைந்த மாணவர்களுக்காகச் செய்தது. லினக்ஸில் தாங்களே டிரைவர் எழுதி, பெரலல் போர்ட்டில் இணைத்து, பைதன் மொழியில் சில வரிகளால் பௌதிகவியல் அளவீடுகளை எடுத்தார்கள். பிறகு அது யூஎஸ்பிக்கு மாறி 'எக்ஸ்பைஸ்' ஆனது.

எங்கள் மாவட்டத்தில் ஊசலைத் தொடாமலே, குறிப்பைப் பார்த்துச் செய்முறைக் கொப்பியை நிரப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதை எங்களுக்கு முக்கியம்.

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க: எல்ஈடியோடு 1 கிலோ ஓம் தடையி கட்டாயம், இல்லாவிட்டால் போர்ட் பழுதாகலாம். யூஎஸ்பியிலிருந்து பிரின்டருக்குப் போகும் வயரில் இது சரிவராது.

பழைய கணினியைக் கழிக்கப்போகும் பாடசாலைகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டொஸ்ஸும் தடையிகளும் நாங்கள் கொண்டுவருகிறோம்.