ஆட்டத்துக்கு ஏற்ற உடை: காலடிப்பேட்டை முதல் லெக்கிங்ஸ் வரை

நடன உடற்பயிற்சி வகுப்பு என்று பேச்செடுத்தாலே நம் அடுக்ககங்களில் பெண்கள் முதலில் கேட்பது, "எதைப் போட்டுக்கொண்டு போவது?" என்றுதான். கட்டணம், நேரம் எல்லாம் அதற்குப் பிறகு. லெக்கிங்ஸ் போட்டு லிஃப்டில் இறங்கினால் யார் என்ன சொல்வார்களோ என்று சிலருக்குத் தயக்கம். புடவையும் நைட்டியும் தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லையே என்று வேறு சிலருக்குத் தயக்கம். டாக்டர் நடக்கச் சொல்லியும் ஆடச் சொல்லியும் வீட்டோடு இருந்துவிடுகிற அம்மாக்கள் பலர். "சங்கமே ஓர் உடை விதி போட்டுவிடலாமே" என்ற யோசனையும் கூட்டங்களில் எழுவதுண்டு. விதி போடுவதற்கு முன்பு கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். துணியும் ஆட்டமும் நம் வட சென்னைக்குப் புதியவை அல்ல.

முதலில் துணி. மெட்ரோவில் நாம் கடந்துபோகும் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் அது. காலெட்பேட்டை என்பதுதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. தெற்கே இருக்கும் வண்ணாரப்பேட்டையின் பெயரும் துணியால் வந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பகுதி அது. உலகம் விரும்பி உடுத்திய பருத்தித் துணி நம் தெருக்களின் வழியாகத்தான் கடலுக்குப் போனது.

அடுத்து ஆட்டம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகளில் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்று ஆடலும் பாடலும் கோயில் பணியும் செய்த பெண்கள் பேசப்படுகிறார்கள். யாருக்கு எந்தப் பணி என்று அவர்களுக்குள் எழுந்த வழக்கைத் தீர்த்துவைத்த செய்திகூட 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. பெண்கள் ஆடுவது இந்த ஊர் பார்க்காத காட்சி அல்ல.

அப்படி ஆடிய மரபில் வந்தவர்கள் நூறாண்டுகளுக்கு முன் என்ன உடுத்தினார்கள்? சதிர் ஆடிய பெண்களின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். உள்ளே பைஜாமா, அதன்மேல் சுற்றிக் கட்டிய புடவை, நீளமான ரவிக்கை. கால் அகட்டி அரைமண்டியில் அமரவும், தாவவும், சுழலவும் புடவை மட்டும் போதாது என்று கண்டு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. லெக்கிங்ஸின் மேல் குர்தி போடுவது நேற்று வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1930களில் சதிர், பரதநாட்டியம் என்ற பெயரோடு நடுத்தர வர்க்கத்து மேடைக்கு வந்தது. 1935 டிசம்பரில் அடையாறில் ருக்மிணி தேவி அருண்டேல் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா தொடங்கியது. கோயில் சிற்பங்களைப் பார்த்து, மேடம் கசான் என்ற ஐரோப்பியப் பெண்மணியின் உதவியோடு, அவர் புதிய ஆடையை வடிவமைத்தார். விசிறி மடிப்போடு தைத்த, இன்று எல்லாரும் 'பரதநாட்டிய டிரஸ்' என்று சொல்லும் ஆடையின் தொடக்கம் அங்கேதான்.

அந்த மாற்றத்தில் வசதி மட்டும் இல்லை. பழைய உடையோடு சேர்ந்து, அதை உடுத்தி ஆடிய குலத்துப் பெண்களின் நினைவும் மேடையிலிருந்து விலகியது. தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சட்டம் 1947இல் வந்தது. 'கௌரவமான' ஆட்டம் எது என்ற கேள்விக்கு உடையும் ஒரு பதிலாக ஆனது. அந்த மரபிலேயே பிறந்த டி. பாலசரஸ்வதி தைத்த ஆடைக்கு மாறவில்லை. பழைய முறையில் புடவையைக் கட்டியே உலகமெங்கும் ஆடினார். ஒருவர் தைத்துக்கொண்டார், ஒருவர் கட்டிக்கொண்டார். இருவரும் மகத்தான கலைஞர்கள். வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயரோ இந்தக் கலையின் மதிப்பை ஊருக்குப் புரியவைக்கப் பெண் வேடத்திலேயே மேடையேறினார்.

நமக்கு அதிகம் பயன்படும் செய்தி மேடையில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. கலாக்ஷேத்ராவில் மாணவியர் பயிற்சிக்கு உடுத்துவது பைஜாமாவின் மேல் முழங்கால் அளவுக்குக் கட்டிய எளிய பருத்திப் புடவை. ஜரிகை இல்லை, பளபளப்பு இல்லை. வியர்வையை உறிஞ்சும், கால் தடுக்காது, கால் எப்படி மடங்குகிறது என்று ஆசிரியருக்கும் தெரியும். பட்டு அரங்கேற்றத்துக்கு, பருத்தி பயிற்சிக்கு. பார்ப்பவருக்கான உடை வேறு, உழைப்பவருக்கான உடை வேறு என்பதை நடனப் பள்ளிகள் என்றோ புரிந்துகொண்டுவிட்டன. நம் தெருமுனை நாட்டிய வகுப்புகளில் சுடிதார் துப்பட்டாவைத் தோளிலிருந்து குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு ஆடும் சிறுமிகளுக்கும் அது தெரியும்.

மேற்கிலும் இதே கதைதான். உடலோடு ஒட்டிய லியோடார்ட் உடைக்குப் பெயர் கொடுத்தவர் ஜூல் லியோடார்ட் என்ற 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஊஞ்சல் வித்தைக்காரர். அந்தரத்தில் தாவுகிறவருக்குத் தொங்கும் துணி ஆபத்து. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் இழையை 1958இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். 1977இல் ஓடும்போது மார்பு வலியால் அவதிப்பட்ட லீசா லிண்டால், தோழிகள் இருவரோடு சேர்ந்து, ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளாடை இரண்டை ஒன்றாகத் தைத்துப் பார்த்தார். முதல் ஸ்போர்ட்ஸ் பிரா அப்படித்தான் பிறந்தது. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ வந்த பிறகுதான் இந்த உடைகள் ஃபேஷன் ஆயின. கொலம்பியாவின் பெட்டோ பெரஸ் தொடங்கிய ஜும்பா 2001க்குப் பிறகு அவற்றை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தேவை முன்னால் வந்தது, ஃபேஷன் பின்னால் வந்தது.

இந்தக் கதைகளிலிருந்து நம் வகுப்புக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

துணி: எண்ணூர், ராயபுரம் கடற்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை எளிதில் காயாது. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால் அரைமணி நேர ஆட்டத்துக்குத் தளர்வான பருத்தி போதும், ஒரு மணி நேரம் குதிப்பவர்களுக்கு மெல்லிய விளையாட்டுத் துணி லேசாக இருக்கும். எதுவானாலும் ஈர உடையோடு ஏ.சி. அறையில் உட்கார வேண்டாம்.

உள்ளாடை: மேலே என்ன போடுகிறோம் என்பதைவிட இது முக்கியம். புதிதாக ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள்.

கால்: பரதநாட்டியம் வெறுங்காலில் ஆடப்படுவது. ஜும்பாவில் திரும்புதலும் குதித்தலும் அதிகம், நம் ஹால் தரையோ டைல்ஸ். வெறும் சாக்ஸ் வழுக்கும். அடிப்பகுதி மிகவும் பிடிக்கிற ஷூ, உடல் திரும்பும்போது பாதத்தைத் திரும்பவிடாமல் முழங்காலைத் திருகும். மெத்தென்ற, அதிகம் பிடிக்காத ஷூ நல்லது.

மற்றவை: துப்பட்டா போடுகிறவர்கள் குறுக்கே முடிந்துகொள்ளலாம். புடவையை விட மனமில்லாதவர்கள் உள்ளே பைஜாமா போட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். சதிர் ஆடியவர்கள் காட்டிய வழி அது.

சங்கம் விதி போட்டே ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டு போதும்: தரையில் வழுக்கக் கூடாது, காலில் தடுக்கக் கூடாது. மற்றதை வியர்வை சிந்துகிறவரே முடிவு செய்யட்டும். 1930களில் எது கௌரவமான உடை என்ற பேச்சில், ஆடிக்கொண்டிருந்த பெண்கள் பலர் மேடையை விட்டே போனார்கள். நம் வளாகத்தில் அதே பேச்சால் ஓர் அம்மா வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டால், அவருடைய ரத்த அழுத்தத்துக்கும் முழங்கால் வலிக்கும் யார் பதில் சொல்வது? லெக்கிங்ஸில் வருகிறவரும் புடவையில் வருகிறவரும் ஒரே வரிசையில் நின்று ஆடட்டும்.