வளர்சிதை மாற்றம்

கண்டாச்சிபுரத்திலிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கைக்குழந்தையோடு போகும் தாயிடம் 'பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு' என்று சொன்னால், அவள் காதில் 'சிதை' மட்டுமே விழும். பேச்சில் சிதைவது என்றால் அழிவதல்லவா? (பிணமெரிக்கும் சிதை வடசொல்; இதற்கும் அதற்கும் உறவில்லை.)

இங்கே சிதைத்தல் என்பது உண்டதை உடல் உடைத்து ஆற்றலாக்குவது. வளர்த்தல் என்பது உடைந்த துண்டுகளால் தசையும் எலும்பும் கட்டுவது. வளர்சிதை மாற்றத்தின் ஆங்கிலப் பெயரான மெட்டபாலிசத்தின் கிரேக்க வேர் வெறும் 'மாற்றம்' என்றே பொருள்படும். வளர், சிதை இரண்டையும் முன்னே சேர்த்தது தமிழ். இரண்டும் காலம் காட்டாமல் நிற்கின்றன, வினைத்தொகையில் வருவதுபோல: வளர்ந்த, வளர்கின்ற, வளரும். மூச்சுள்ளவரை நிற்காத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள் பலவற்றில் துன்பமே சிதையாமல் தேங்குவதுதான். ஃபீனைல்கீட்டோனூரியாவில், புரதத்திலுள்ள ஃபீனைல்அலனினை மாற்றும் நொதி சரியாக வேலை செய்யாது. ஃபீனைல்அலனின் இரத்தத்தில் தேங்கி வளரும் மூளையைக் கெடுக்கும். 1934-இல் நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் இதைக் கண்டறியக் காரணம், தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் வீசிய வேற்று மணத்தை விடாமல் சொல்லிவந்த ஒரு தாய். இன்று பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தமே காட்டிக்கொடுக்கும். புரதம் குறைத்த தனி உணவு மூளையைக் காக்கும்.

'பிறவி' என்ற சொல்லையும் விளக்கியாக வேண்டும். பெரும்பாலும் நலமாயிருக்கும் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைத் தந்தால் மட்டுமே ஃபீனைல்கீட்டோனூரியா வரும்; இருவரும் நலமாயிருந்து அதைச் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் மணந்தவர்களில் இருவருமே அந்த மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். தாய் பத்தியம் தவறியதால் வந்ததல்ல.