ஒரு வீட்டு வானாய்வகம் தந்த ரயில் நேரம்



மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து நிலாவைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறீர்கள். "இதனால் என்ன பயன்?" என்று வீட்டில் கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, சென்னை எழும்பூரில் தம் வீட்டு வளாகத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அங்கே இருந்தவை சிறிய தொலைநோக்கிகளும் கடிகாரங்களும்தான். ஊர் திரும்பும்போது அவற்றைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்றே கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நொடியைப் பார்த்து அங்கே நேரம் கணித்தார்கள். அதுவே 'சென்னை நேரம்'. இன்றைய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பிந்தியது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை, நம் சங்ககிரி வழியாக ஈரோட்டுக்குப் போன ரயில்களும் அந்தக் கணக்கில்தான் ஓடின.

பிறகு 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் குறித்திருப்பதால், அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை வைத்துச் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை இன்றும் ஆராய முடிகிறது.

ஆகவே பிள்ளைகளே, படம் எடுத்ததும் தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். அது இல்லாத படம் அழகு மட்டுமே. இருந்தால் அது ஆவணம்.